‘தி டிபார்ட்டட்’ பார்த்தவர் ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ பார்க்க வேண்டுமா?

கேள்வி மூன்று துண்டாக வந்தது. ஸ்கார்சேஸியின் ‘தி டிபார்ட்டட்’ பார்த்தவருக்கு அதன் மூலமான ஹாங்காங் படத்தில் புதிதாக என்ன கிடைக்கும்? போலீஸுக்குள் இருக்கும் கறுப்பு ஆடு யார், கும்பலுக்குள் இருக்கும் போலீஸ் யார் என்று முதல் சில நிமிடங்களிலேயே காட்டிவிட்டால் அப்புறம் எதற்காக உட்கார்ந்து பார்ப்பது? மூன்று பாகங்களை எந்த வரிசையில் பார்ப்பது? முதலுக்கும் மூன்றுக்கும் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: பாருங்கள், வெளியான வரிசையிலேயே பாருங்கள். நடுக் கேள்விதான் சுவையானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முடிவு வரை கதையை உடைத்தாக வேண்டும், ஆகவே ஒன்றும் தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் நம் ஊரில் பலர் இந்தப் படத்தில் முதல் அரை மணி நேரத்தைத் தொலைப்பதே அதில்தான். இயக்கியவர்கள் இருவர், ஆண்ட்ரூ லாவ், ஆலன் மாக். நடித்த நட்சத்திரம் ஆண்டி லாவ். அவருடைய பாத்திரத்தின் பெயர் லாவ் கின்-மிங். இத்தனை லாவ்களை வைத்துக்கொண்டு பேச முடியாது, அதனால் கும்பல் அனுப்பிய போலீஸ்காரனை மிங் என்றே சொல்கிறேன். போலீஸ் அனுப்பிய கும்பல்காரன், டோனி லியுங் நடித்தது, சான் விங்-யான், அவன் யான். அவனை இயக்கும் போலீஸ் அதிகாரி வோங், நடித்தவர் அந்தோணி வோங். மிங்கை இயக்கும் தாதா சாம், நடித்தவர் எரிக் சாங். இந்த நான்கு பேர்தான் படம், மற்றவர்கள் எல்லாம் இவர்களைச் சுற்றி வருகிறவர்கள்.

கதை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். சாம் தன் கும்பலில் இன்னும் போலீஸ் பதிவேட்டில் ஏறாத பையன்கள் சிலரைக் காவலர் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புகிறான், அதில் ஒருவன் மிங். அதே பள்ளியில் கெட்டிக்காரனாக இருப்பவன் யான், அவனைப் பள்ளித் தலைவரும் வோங்கும் பொறுக்கியெடுத்து, ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றியதாகக் காட்டிவிட்டுத் தெருவுக்கு அனுப்புகிறார்கள். யான் பெட்டியோடு வாசலைத் தாண்டிப் போவதை மிங் வரிசையில் நின்று பார்க்கிறான். அவனைப் போல யாருக்கு வெளியே போக ஆசை என்று பயிற்சியாளர் அதட்டலாகக் கேட்க, மிங்குக்கு மனசுக்குள் ஆசைதான். பத்து வருஷம் ஓடுகிறது. மிங் குற்றப் புலனாய்வுத் தகவல் பிரிவில் பளபளப்பான அதிகாரி. யான் சாமுக்கு நெருக்கமான அடியாள், தூக்கம் கெட்டுப்போனவன், நீதிமன்ற உத்தரவின்படி மனநல மருத்துவரிடம் போய் அங்கே உள்ள நாற்காலியில் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறவன்.

சரி, எல்லாம் தெரிந்துவிட்டது. இனி எதில் பதற்றம்?

என் பதில் இது. இந்தப் படத்தில் சஸ்பென்ஸ் ஒரு ஃபைலில் இருக்கிறது. ‘யார் உளவாளி’ என்று கேட்கும் படங்கள் ஏராளம், கடைசிக் காட்சியில் முகமூடியைக் கழற்றியதும் அவை தீர்ந்துபோகும். இந்தப் படம் கேட்பது, ஒருவன் போலீஸ் என்பதற்கு என்ன ஆதாரம், அந்த ஆதாரம் யாரிடம் இருக்கிறது, அவர் செத்துப்போனால் இவன் யார் என்று. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு தடவை பாருங்கள், கிட்டத்தட்ட ஒவ்வொரு முக்கியமான காட்சியும் இந்த ஒரே கேள்வியின் மேல்தான் கட்டப்பட்டிருப்பது தெரியும்.

ஆரம்பத்திலேயே ஒரு சாவு வருகிறது, பலர் கவனிக்காமல் விடுவது. பயிற்சிப் பள்ளித் தலைவரின் இறுதி ஊர்வலம் தெருவில் போகிறது, முழு போலீஸ் மரியாதையோடு. யான் ஒரு சந்தில் ஒதுங்கி நின்று யாருக்கும் தெரியாமல் சல்யூட் அடிக்கிறான். உணர்ச்சிக் காட்சி மாதிரி தெரியும். ஆனால் அங்கே நடப்பது கணக்கு. யான் போலீஸ் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருவர் இப்போது பெட்டிக்குள் போகிறார். மிச்சம் வோங் மட்டும். அதற்கு அப்புறம் வோங்கும் யானும் மொட்டை மாடியில் சந்திக்கும் ஒவ்வொரு தடவையும் நமக்கு வயிற்றைக் கலக்குவதற்குக் காரணம் அதுதான். மூன்று வருஷம் என்று சொல்லி அனுப்பி, அது முடிந்ததும் இன்னொரு மூன்று, அப்புறம் இன்னொரு மூன்று என்று பத்து வருஷத்தை நெருங்கிவிட்டதே என்று யான் கத்தும் காட்சி ஹாங்காங்கில் இன்றைக்கும் ஆபீஸ் ஜோக்காகப் புழங்குகிறது. கத்துகிறவனின் நிலைமையை நினைத்துப் பார்த்தால் அது ஜோக் இல்லை. தன் மேலதிகாரியை வெறுக்கக்கூட முடியாது அவனுக்கு, அந்த ஆள்தான் அவனுடைய ஒரே அடையாள அட்டை.

போதைப்பொருள் பேரம் நடக்கும் இரவுக் காட்சி பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் ரொம்ப நீட்டவில்லை. யான் விரலால் மோர்ஸ் தந்திக் குறியீட்டில் தட்டுகிறான், வோங் ஹெட்ஃபோனில் கேட்கிறார், அதே கட்டுப்பாட்டு அறையில் தொழில்நுட்ப உதவிக்கு வந்த மிங் நிற்கிறான், மிங்கிடமிருந்து சாமுக்கு எச்சரிக்கை போகிறது, கோகெய்ன் கடலுக்குள் போகிறது. துப்பாக்கி வெடிக்காமல், ஒருவரும் ஓடாமல், இரண்டு அறைகளில் சில பேர் உட்கார்ந்துகொண்டு செய்யும் வேலை, ஆனால் பத்து சண்டைக் காட்சிக்குச் சமம். இதற்கு அடுத்து வருவதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. சாமையும் ஆட்களையும் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள், சாம் பொட்டலச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுகிறான், வோங் எதிரே உட்கார்ந்து பேசுகிறார், இரண்டு பேருக்கும் இப்போது தெரிந்துவிட்டது, என்னிடம் உன் ஆள் இருக்கிறான், உன்னிடம் என் ஆள் இருக்கிறான் என்று. அந்த இரண்டு ஆட்களும் அதே அறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எரிக் சாங் என்றால் ஹாங்காங்கில் காமெடி நடிகர், டிவி தொகுப்பாளர். அந்தக் குண்டு மனிதர், சிரித்த முகத்தோடு சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர், ஒரே வீச்சில் மேஜையிலிருந்து எல்லாவற்றையும் தள்ளிவிடும்போது தூக்கிவாரிப்போடும்.

இப்போது முக்கியமான இடம். கதை இரண்டு பக்கமும் சமமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், கண்ணாடியில் பார்த்த மாதிரி, இவன் அங்கே அவன் இங்கே என்று. அது பாதி உண்மைதான். வோங் செத்தால் என்ன ஆகிறது, சாம் செத்தால் என்ன ஆகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வோங்கைக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறார்கள், அவர் யானின் கண் முன்னால் ஒரு டாக்ஸியின் மேல் விழுகிறார். அந்த நொடியோடு யான் நிஜமான ரவுடி ஆகிவிடுகிறான், வேறு மாதிரி சாட்சி சொல்ல ஆளே இல்லை. சாமைப் பிறகு மிங்கே கார் நிறுத்துமிடத்தில் சுட்டுக் கொல்கிறான். அந்த நொடியோடு மிங் நிஜமான போலீஸ் ஆகிவிடுகிறான், கைதட்டலோடு ஆபீஸுக்குள் நுழைகிறான். இரண்டு பேருக்கும் எஜமான் சாகிறார், ஒருவனுக்கு அது மரண தண்டனை, இன்னொருவனுக்கு விடுதலைப் பத்திரம். நல்லவனுக்குத் தன் ரகசியத்தை அறிந்த ஒருவர் உயிரோடு வேண்டும், கெட்டவனுக்கு ஒருவரும் வேண்டாம். இந்தச் சமமின்மையைக் கண்டுபிடித்து அதன் மேல் கதையைப் போட்டதுதான் எழுத்தாளர்கள் ஆலன் மாக், ஃபெலிக்ஸ் சோங் இருவரின் கெட்டிக்காரத்தனம்.

அதனால்தான் மிங் பாத்திரம் வெறும் வில்லனாக நிற்பதில்லை. அவன் சாமைக் கொல்வது பயத்தால் மட்டும் இல்லை, அவனுக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. நல்ல சட்டை, நல்ல வீடு, கல்யாணம் செய்துகொள்ளப்போகும் எழுத்தாளப் பெண் மேரி, கீழே வேலை செய்கிறவர்கள் காட்டும் மரியாதை. அந்தப் பெண் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் இருபத்தெட்டு ஆளுமைகள் உள்ள ஒருவன் வருகிறான், அவன் நல்லவனா கெட்டவனா என்று எழுதுகிறவளுக்கே முடிவு செய்ய முடியவில்லை. இது கொஞ்சம் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிதான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்டி லாவின் முகம் அதைக் காப்பாற்றுகிறது. ஆரம்பத்தில், ஒருவரை ஒருவர் யார் என்று தெரியாமல், ஆடியோ சாமான் விற்கும் கடையில் யான் விற்பனையாளன் மாதிரி நிற்க மிங் ஆம்ப்ளிஃபயர் வாங்க வருகிறான், இரண்டு பேரும் சோபாவில் அருகருகே உட்கார்ந்து தைவான் பாடகி சாய் சின்னின் பழைய பாட்டு ஒன்றைக் கேட்கிறார்கள். கேபிளை மாற்றினால் குரல் எப்படி வரும் என்று யான் சொல்லிக்கொடுக்கிறான். இரண்டு பேருக்கும் வாழ்க்கையில் அதைவிட நேர்மையான உரையாடல் வேறு எதுவும் இல்லை.

உறை விஷயத்துக்கு வருவோம். சாம் தன் ஆட்களின் விவரங்களை எழுதி வாங்குகிறான், மிங்கிடம் கொடுத்து இதில் யார் போலீஸ் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறான். அந்தத் தாள்களைப் போடும் உறையின் மேல் கும்பலில் உள்ள அசட்டுப் பையன் கியூங் ஒரு எழுத்தைத் தப்பாக எழுத, யான் பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டுகிறான். கடைசிக் கட்டத்தில், எல்லாம் முடிந்து யான் தன் பழைய வாழ்க்கையைத் திரும்ப வாங்க மிங்கின் அறைக்கு வந்து உட்கார்ந்திருக்கும்போது, மேஜை மேல் அந்த உறை, அவனுடைய கையெழுத்தோடு. மிங் திரும்பி வந்து பார்க்கையில் நாற்காலி காலி. மிங்குக்கும் புரிந்துவிடுகிறது. அவன் செய்வது ஒரே காரியம்: கணினியில் யானின் ஃபைலைத் திறந்து அழித்துவிடுகிறான். ஒரு பொத்தான். படத்தில் எத்தனையோ சாவு இருக்கிறது, எனக்கு இதுதான் கொலை.

இதற்குப் பிறகு அந்தப் பிரபலமான மொட்டை மாடிக் காட்சி. யான் மிங்கின் தலையில் துப்பாக்கியை வைத்திருக்கிறான். மிங் தனக்கு ஒரு சந்தர்ப்பம் கேட்கிறான், இனி நல்லவனாக இருக்கிறேன் என்கிறான். அதை நீதிபதியிடம் சொல் என்கிறான் யான், தான் போலீஸ் என்கிறான். அது யாருக்குத் தெரியும் என்று மிங் கேட்கிறான். ‘டிபார்ட்டட்’ பார்த்தபோது இந்த இடம் உங்களுக்குப் பெரிதாக உறைத்திருக்காது, அதற்குக் காரணம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அதற்கு முன் ஹாங்காங் பற்றிச் சொல்லியாக வேண்டும். போலீஸுக்கும் கும்பலுக்கும் இடையே சுவர் இல்லை என்பது இந்தப் படத்துக்காக யாரோ யோசித்த கற்பனை இல்லை, அந்த ஊர் அனுபவித்தது. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அங்கே மாமூல் என்பது தனி நிர்வாகம் மாதிரி நடந்தது. லுய் லோக் என்ற சார்ஜெண்டுக்கு ஊர் வைத்த பட்டப்பெயரில் ஐம்பது கோடி டாலர் என்ற தொகையே இருக்கிறது. 1973-ல் பீட்டர் காட்பர் என்ற பிரிட்டிஷ் தலைமை சூப்பரின்டெண்டெண்ட், வருமானத்துக்குப் பொருந்தாமல் 40 லட்சம் ஹாங்காங் டாலருக்கும் மேல் வைத்திருந்தது விசாரணையில் இருக்கும்போதே விமானம் ஏறி இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில் போலீஸுக்குக் கீழ் வராத ஊழல் ஒழிப்பு ஆணையம், ஐசிஏசி, தொடங்கியது. காட்பரைத் திரும்பக் கொண்டுவந்து 4 வருஷம் சிறையில் போட்டார்கள். ஆணையம் கீழ்மட்டத்தையும் பிடிக்க ஆரம்பித்ததும் 1977 அக்டோபரில் போலீஸ்காரர்களே திரண்டு போய் அதன் அலுவலகத்தில் புகுந்து கலாட்டா செய்தார்கள், ஆளுநர் மெக்லிஹோஸ் வேறு வழியில்லாமல் அந்த வருஷத்துக்கு முந்தைய பெரும்பாலான குற்றங்களைத் தொடர்வதில்லை என்று பகுதி மன்னிப்பு அறிவித்தார். யோசித்துப் பாருங்கள், ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் செய்தது கணக்கில் வராது, அதற்கு அப்புறம் நீ சுத்தமான போலீஸ். பழைய ஃபைலை மூடிவிட்டுப் புதிய ஆளாக ஆவது அந்த ஊரில் ஒரு தடவை அரசு உத்தரவாகவே நடந்திருக்கிறது. மிங் கேட்கும் சந்தர்ப்பம் அதைவிட ரொம்ப வித்தியாசமானது இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. ஹாங்காங் ஸ்டேஷன்களில் துப்பறியும் பிரிவு அறைகளில் குவான் யூ சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவார்கள். அந்தப் பழைய சீனப் போர்த் தளபதி விசுவாசத்துக்கும் சகோதரத்துவத்துக்கும் தெய்வம். டிரையட் எனப்படும் சீனக் குற்றக் கும்பல்களும் அதே குவான் யூவுக்குத்தான் ஊதுபத்தி ஏற்றுகின்றன, உறுதிமொழி எடுப்பதும் அவர் முன்னால்தான். விசுவாசத்துக்கு இரண்டு தரப்புக்கும் ஒரே கடவுள். டிரையட் உறுப்பினனாக இருப்பதும், உறுப்பினன் என்று சொல்லிக்கொள்வதும்கூட அங்கே சட்டப்படி குற்றம்; அப்படியானால் பத்து வருஷம் தினமும் அந்தக் குற்றத்தைச் செய்துகொண்டே இருக்கும் யானுக்கு, தான் செய்தது வேலைதான் என்று காட்ட அந்த ஒரு ஃபைலை விட்டால் வேறு என்ன இருக்கிறது.

படம் வந்தது 2002 டிசம்பரில். ஹாங்காங் சினிமா அப்போது படுத்துக் கிடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வருஷத்துக்கு இருநூறு படம் எடுத்த ஊர் அதில் பாதிகூட எடுக்க முடியாமல் திணறியது, திருட்டு விசிடி ஒரு பக்கம், ஹாலிவுட் ஒரு பக்கம். அந்த நேரத்தில் இது உள்ளூரில் மட்டும் ஐந்தரைக் கோடி ஹாங்காங் டாலர் வசூலித்தது. 2003 ஏப்ரலில், சார்ஸ் பயம் உச்சத்தில் இருக்கும்போது நடந்த ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை எல்லாம் இதற்கே. சிறந்த நடிகர் விருது டோனி லியுங்குக்கு, துணை நடிகர் விருது அந்தோணி வோங்குக்கு. அண்டர்கவர் கதை அங்கே புதிது இல்லை, 1987-ல் ரிங்கோ லாம் இயக்கி சோ யுன்-ஃபாட் நடித்த ‘சிட்டி ஆன் ஃபயர்’ இருக்கிறது, அதற்கும் முன்னால் 1981-லேயே அலெக்ஸ் சுங் எடுத்தது இருக்கிறது. டோனி லியுங்கே 1992-ல் ஜான் வூவின் ‘ஹார்ட் பாய்ல்ட்’டில் அண்டர்கவர் போலீஸாக வந்தவர். அந்தப் படங்களில் எல்லாம் கேள்வி பெரும்பாலும் நட்பு: கூடப் பழகி, கூடச் சாப்பிட்டவனைக் காட்டிக்கொடுக்கலாமா. இங்கே யானுக்கு அந்த உறுத்தல் கியூங் விஷயத்தில் மட்டும்தான் வருகிறது, தன்னைச் சந்தேகப்படாமல் தனக்காகப் பொய் சொல்லிச் சாகும் அந்த அசட்டுப் பையனுக்காக. சாம்மேல் அவனுக்கு அப்படி ஒன்றும் பாசம் இல்லை. மனசு இரண்டாகக் கிழியும் நாடகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, பதிவேடு, கடவுச்சொல், குறுந்தகவல் என்று வறட்டுச் சாமான்களால் கதை சொன்னதுதான் இந்தப் படம் அந்த வகைக்குக் கொடுத்த புதுசு.

இப்போது ‘டிபார்ட்டட்’. 2006-ல் வந்தது, ஸ்கார்சேஸிக்கு ஒருவழியாக ஆஸ்கரும் வாங்கிக் கொடுத்தது, சிறந்த படம் உட்பட நான்கு விருது. (அந்த மேடையில் அறிவிப்பாளர் மூலப்படத்தை ஜப்பானியப் படம் என்று சொன்னதை ஹாங்காங்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.) எனக்கு அந்தப் படமும் பிடிக்கும், மூலம்தான் உசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. பாஸ்டனுக்கு அதை நகர்த்தியது ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் அந்த ஊரில் நிஜமாகவே வைட்டி பல்ஜர் என்ற தாதா எஃப்பிஐயின் இன்ஃபார்மராகப் பதிவாகியிருந்துகொண்டே தன் தொழிலை நடத்தினார், அவரை இயக்க வேண்டிய எஃப்பிஐ அதிகாரி ஜான் கானலி அவருக்கே தகவல் கசியவிட்டு 2002-ல் தண்டனை பெற்றார். ஜாக் நிக்கல்சனின் பாத்திரத்தில் பல்ஜரின் சாயல் அதனால்தான். பேச்சு, கெட்ட வார்த்தை, ஐரிஷ் கத்தோலிக்கக் குற்ற உணர்வு, எல்லாம் அந்த மண்ணுக்குச் சொந்தமாக இருக்கும்.

ஆனால் அடிப்படையான ஒரு ஸ்குரூவை அவர்கள் தளர்த்திவிட்டார்கள். அங்கே டிகாப்ரியோ போலீஸ் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர், மார்ட்டின் ஷீன் நடித்த குவீனனும் மார்க் வால்பெர்க் நடித்த டிக்னமும். குவீனன் செத்ததும் டிக்னம் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போகிறான், ஆனால் எங்கேயோ உயிரோடு இருக்கிறான். ஃபைலை மேட் டேமன் அங்கேயும் அழிக்கிறான், ஆனால் டிக்னத்தின் தலைக்குள் அந்த ஃபைல் பத்திரமாக இருக்கிறது என்று நமக்குத் தெரியும். அதனால்தான் அந்த மொட்டை மாடி உறைக்கவில்லை என்றேன். யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது, டிக்னத்துக்குத் தெரியும், கடைசியில் அவனே வந்து கணக்கையும் தீர்த்துவிடுகிறான். திருப்தியான முடிவு, தியேட்டரில் கைதட்டல் வாங்கும். மூலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. லிஃப்ட் வாசலில் யான் தலையில் குண்டு வாங்கிச் சாகிறான், சுட்ட இன்ஸ்பெக்டரும் தான் சாமின் ஆள்தான், இனி நாம் ஒன்று என்கிறான், மிங் அவனையும் சுட்டுவிட்டு அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்தபடி வெளியே வருகிறான், தான் போலீஸ் என்று. இந்தப் படத்தில் அட்டை உள்ளவன்தான் போலீஸ்.

யானின் பதிவு பிறகு கிடைக்கிறது, கல்லறையில் அவனுக்கு போலீஸ் மரியாதை, மிங்கும் வந்து சல்யூட் அடிக்கிறான். பௌத்தத்தில் சொல்லும் எட்டு நரகங்களில் அவீசி பற்றிய வாசகம் ஒன்று படத்தின் தொடக்கத்தில் வரும், இடைவெளியே இல்லாத துன்பம், சாவும் வராது என்று. அது யாருக்குச் சொன்னது என்பது இங்கேதான் புரியும். பிழைத்தவனுக்கு.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். பெண் பாத்திரங்கள் மெல்லியவை. மனநல மருத்துவரோடு யானின் நெருக்கம் கெல்லி சென், டோனி லியுங் இருவரின் முகத்தை நம்பி விடப்பட்டது, எழுத்தில் ஒன்றும் இல்லை. வோங் விழுந்ததும் உடனே பழைய காட்சிகளை ஓட்டி, பாட்டையும் போட்டு நம்மை அழச் சொல்வார்கள், அந்தோணி வோங்கின் உடல் அந்த டாக்ஸியின் மேல் கிடப்பதே போதும். உறையைப் பார்க்கும்போதும் அப்படித்தான், நாம் மறந்திருப்போமோ என்று பயந்து திரும்பக் காட்டுகிறார்கள். இருந்தாலும் 101 நிமிடத்தில் முடிகிறது, ‘டிபார்ட்டட்’ இதைவிட 50 நிமிடம் அதிகம்.

வரிசை பற்றிக் கேட்டீர்கள். இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும் 2003 ஒரே வருஷத்தில் அடுத்தடுத்து வந்தவை. இரண்டாவது முன்கதை, 1991-லிருந்து 1997 வரை நடப்பது. அதைக் கால வரிசைப்படி முதலில் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். முதல் படத்தில் வோங் யோக்கியமான அதிகாரி என்று நம்பிவிட்டு அப்புறம் இரண்டாவதில் அவர் என்ன செய்திருக்கிறார் என்று பார்க்கும்போதுதான் அடி விழும். யான் ஒரு தாதா குடும்பத்தில் முறையற்ற உறவில் பிறந்த மகன் என்பதும், பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டதற்குப் பின்னால் அந்த ரத்த உறவு இருந்தது என்பதும், மிங் காதலிக்கும் பெண்ணுக்கு ஏன் மேரி என்று பெயர் என்பதும் அங்கேதான் தெரியும். மிங் சின்ன வயதில் உயிரை விட்டது சாமின் மனைவி மேரிமேல். யானின் அண்ணனான தாதாவாக ஃபிரான்சிஸ் இங் நடித்திருப்பது மூன்று பாகங்களிலும் உள்ள நடிப்புகளில் என் முதல் தேர்வு, டோனி லியுங்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கண்ணாடி போட்ட, குரல் உயர்த்தாத, கணக்கர் மாதிரி இருக்கும் மனிதன், சாகும் நேரத்தில் தம்பியின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுக்கேட்கும் கருவி கையில் தட்டுப்படும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

அந்தப் பாகத்தில் 1997 ஜூலை 1 நள்ளிரவும் வருகிறது. பிரிட்டிஷ் மகுடம் பொறித்த தொப்பிச் சின்னங்களைக் கழற்றிவிட்டு போலீஸ்காரர்கள் புதிய சின்னத்தைக் குத்திக்கொள்கிறார்கள், நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது, ராயல் என்ற சொல்லும் அன்றோடு போனது. ஒரே இரவில் ஒரு படை முழுவதும் எஜமானனை மாற்றிக்கொண்டது, ஆட்கள் அதே ஆட்கள். படம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசாதது நல்லது.

மூன்றாவது பாகம் கொஞ்சம் சிக்கல். முன்னும் பின்னும் தாவும், மிங்கின் மனம் கலங்குவதைக் காட்ட நிஜமும் பிரமையும் கலக்கும், லியோன் லாய், சென் தாவ்மிங் என்று புதிய முகங்கள் வேறு. சீனத்திலிருந்து வரும் பாத்திரத்துக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பார்க்காவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை, ஆனால் முதல் இரண்டும் பிடித்துவிட்டால் எப்படியும் பார்ப்பீர்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். முதல் படத்துக்கு இரண்டு முடிவுகள் உண்டு. குற்றவாளி தப்பிப்பதைச் சீனத் தணிக்கை ஏற்காது என்பதால் அந்தச் சந்தைக்காக வேறு முடிவு எடுத்தார்கள், அதில் மிங் லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் ஆதாரம் கிடைத்துவிட்டது என்று சொல்லிக் கைது செய்துவிடுவார்கள். சில டிஸ்க்குகளில் அது கூடுதல் காட்சியாக இருக்கும், சில இடங்களில் அதுவே படமாக ஓடும். லிஃப்ட் திறந்ததும் விலங்கு மாட்டினால் நீங்கள் பார்ப்பது அந்தப் பதிப்பு, நிறுத்திவிட்டு வேறு தேடுங்கள். கான்டனீஸ் ஒலியோடு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், மாண்டரின் டப்பிங்கில் எரிக் சாங்கின் அந்தக் கரகரப்பான குரல் போய்விடும்.